ஷூவை ஒளித்து வைத்தவள்

என்னங்க,

காலை ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன், ஓடிட்டு வந்து சாப்பிடுங்க.

ஷூ காணோமேன்னு பதறாதீங்க, நான்தான் ஒளிச்சு வச்சேன். ஒண்ணு பரண் மேல, எக்கி எடுக்கணும். இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில, நல்லாக் குனியணும். சாக்ஸ் மொட்டை மாடிக் கொடியில காயுது. எல்லாத்தையும் எடுத்து, என்னைத் திட்டி முடிக்கிறதுக்குள்ள உடம்பு சூடாயிடும். அப்புறம் ஓடுங்க.

"வார்ம்-அப் பண்ண நான் என்ன கிழவனா?"ன்னு நேத்து கத்தினீங்களே, போன வாரம் கெண்டைக்கால் பிடிச்சு நடுத்தெருவிலேர்ந்து என் தோள்ல தொங்கிக்கிட்டு வந்தது யாராம்?

அப்படி வந்தது எனக்குப் பிடிச்சுதான் இருந்தது. அது வேற விஷயம்.

பி.கு.: பரண்ல உங்க ஷூ பக்கத்துலயே என்னோட பழைய ஷூவும் இருக்கு. இறக்கித் தூசி தட்டி வைங்க. நாளைக்கு எனக்கு லீவு.