கொடுத்த கறி

கெட்டில் ஓடை, வாஷிங்டன்
செப்டம்பர் 14

அன்பு மகள் டெல்லாவுக்கு, அப்பா வெண்டெல் எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். நீ வேலைக்குப் போயிருக்கும் கோடியாக்கில் இப்போதே குளிர் கடிக்கத் தொடங்கியிருக்கும். மீன் ஆலையில் ரப்பர் கையுறைக்கு உள்ளே போட்டுக்கொள்ள அம்மா கம்பளி உறை பின்னி இத்துடன் வைத்திருக்கிறாள். ஒன்று சற்றே பெரிது. எது என்று சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாள்.

சில வாரங்களாக நீ போனை எடுப்பதில்லை. அடித்து அடித்து அலுத்துப்போய்ப் பேனாவை எடுத்துவிட்டேன். மில் விஷயத்தை யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள், அதுவும் அரைகுறையாக. முழுசாக என்னிடம் கேட்டுக்கொள்.

பழைய மரமில் நிலத்தை வாங்கி எல்க் மான்களுக்கு மேய்ச்சலாக விட வேண்டும் என்று நம் பழங்குடி மன்றம் முடிவு செய்ததல்லவா. வாங்குமுன் மண்ணைச் சோதிக்க கிர்ஸ்டன் என்ற பெண் வந்தாள். என் வண்டியில்தான் சுற்றினாள். நல்ல பெண், அம்மாவின் ரொட்டியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பலகையில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்துத் தொட்டியில் முக்குவார்களே, அந்தக் கொட்டகைக்கு அடியில் மண் கெட்டுக் கிடக்கிறது. மழையோடு இறங்கிக் கீழே புல்வெளி வரைக்கும் வந்திருக்கிறது. போன இலையுதிர் காலத்தில் உன் முதல் மான் விழுந்த அதே புல்வெளி.

மில் மூடிய பிறகு மான்கள் அங்கே திரும்பியபோது, நிலம் நம்மை மன்னித்துவிட்டது என்று ஊரே சொல்லிக்கொண்டு திரிந்தது. நாம் நன்றி சொல்லிப் பாடக்கூடச் செய்தோம். மான் பாவம், புல்லுக்கு வந்தது.

அங்கே மேய்ந்த மானின் கறி யாரிடமாவது மீதி இருக்கிறதா என்று கிர்ஸ்டன் கேட்டாள். முதல் வேட்டையில் நீ நம் வழக்கப்படி ஒரு துண்டும் வாயில் வைக்காமல் அத்தனையையும் ஊருக்குக் கொடுத்தாய். கொடுத்த வீட்டுக்காரனே போய் அதைத் திருப்பிக் கேட்பதா? நான் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவளே வீடு வீடாகப் போனாள். எல்லோரும் தீர்ந்துபோச்சு என்று கைவிரித்தார்கள். நம் வர்ஜில் மாமா ஃப்ரீசர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "உள்ள தூண்டில் புழுதாம்மா இருக்கு, பாக்குறியா?" என்றாராம். கறியைத் திருப்பிக் கொடுத்தால் உன் கையைக் குறை சொன்னதாகிவிடும் என்று ஒருவருக்கும் மனம் வரவில்லை. கிர்ஸ்டன் திரும்பி வந்து, "உங்க ஊர்ல எல்லாரும் இவ்ளோ வேகமாவா சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

மறுநாள் காலையில் உன் பெரியப்பா மகள் லெனோரா அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி என்று ஈரலை முழுசாக அவளுக்குத்தானே கொடுத்தாய். அதில் அவள் சாப்பிட்டதுபோக மீதிப் பாதி உறைந்து கிடந்ததை மேசைமேல் வைத்தாள். "சித்தப்பா, டெல்லா குடுத்தத நான் திருப்பிக் குடுக்கல. இது என் வீட்டு ஈரல். உங்களுக்கு நான் குடுக்குறேன். அப்புறம் நீங்க அத யார்கிட்ட குடுத்தா எனக்கென்ன?" என்றாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முறைப்படி பதிலுக்கு ஒரு ஜாடி பிளம்ஸ் கொடுத்தாள். அழுதுகொண்டேதான் கொடுத்தாள். இது தெரிந்ததும் வர்ஜில் மாமாவும் ஃப்ரீசரிலிருந்து இறங்கி, தொடைக்கறி ஒரு பொட்டலம் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்தார்.

இரண்டையும் கிர்ஸ்டனிடம் கொடுத்தோம், முடிவு வந்துவிட்டது. கறியில் பயப்படும்படி ஒன்றுமில்லை. ஈரலில் நஞ்சு இருக்கிறது.

பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று லெனோராவிடம் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். குழந்தை நன்றாக எடை ஏறுகிறாள், கத்தினால் ஓடைக்கு அந்தப்பக்கம் கேட்கிறது. பாலைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான். அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமலிருக்க உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

புல்வெளியைச் சுற்றி உயரமாக வேலி போடுகிறோம். மான்கள் வெளியே நின்று எங்களை முறைக்கின்றன. மண்ணை அள்ளி மாற்ற வருஷக்கணக்காகுமாம். ஆனாலும் நிலத்தை விடுவதில்லை என்று மன்றத்தில் முடிவாகிவிட்டது.

டெல்லா, அந்தத் தொட்டியை நீ வைக்கவில்லை. அதில் மருந்து ஊற்றியதும் நீ இல்லை. நீ சுட்டாய், கொடுத்தாய். உன்னை நினைத்து அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையோ அதில் ஒரு துளி குறையவில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். தாய்க்கு ஈரல் கொடுத்தவர் கையில் பிள்ளையை வைத்துத்தானே பெயர் சொல்வோம். இந்தத் தடவை வேறு யாராவது தூக்கட்டுமே என்று இரண்டொருவர் மெல்ல ஆரம்பித்தார்கள். லெனோரா கூட்டத்திலேயே எழுந்து, "டெல்லா வர்ற வரைக்கும் இவ பேரில்லாமலே இருக்கட்டும். வேற யார் கைலயும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நீ வருவாய் என்று உன்னைக் கேட்காமலே நான் சொல்லிவிட்டேன். அவளை நாங்கள் எல்லோரும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். வந்துவிடு கண்ணு.

உன் வழி நன்றாக இருக்கட்டும்.

அப்பா