வெடிகுண்டு என்று எழுதப்பட்ட மடிக்கணினி

அனுப்புநர்:
அ. வினாயகமூர்த்தி,
கணினித் திருத்துநர்,
கல்லடி, மட்டக்களப்பு.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மட்டக்களப்பு.

விடயம்: சுட்டுக் கொல்லப்பட்ட என் மனைவியின் மடிக்கணினியைப் பரிசோதித்து, அவரது உடலை விடுவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல் 10.50 மணிக்கு எனக்குச் செய்தி கிடைத்தது. ஆட்டோ சாரதி உசனார் வாயெல்லாம் இரத்தத்தோடு என் கடை வாசலில் நின்று, “தம்பி, கண்ணகையச் சுட்டுப் போட்டானுகள் கா” என்றார். துப்பாக்கிப் பிடியால் அவருடைய முன்பற்களை உடைத்திருந்தார்கள்.

2. என் மனைவி கண்ணகை, இடம்பெயர்ந்தோருக்கு உதவும் நிறுவனமொன்றில் பணிபுரிந்தவர். வவுணதீவுப் பக்கமிருந்து உசனாரின் ஆட்டோவில் திரும்புகையில், சோதனைச் சாவடியில் நின்ற படையினர் மடிக்கணினியை இயக்கிக் காட்டச் சொன்னார்கள். இயங்காத கருவியைக் குண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பது தாங்கள் அறிந்தது. அன்று அது இயங்கவில்லை.

3. வாவிக்கரை ஈரத்தில் அது அடிக்கடி இப்படி மக்கர் பண்ணும். அப்போது செய்யவேண்டியதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கணினியைக் கவிழ்த்துப் பற்றரியைக் கழற்ற வேண்டும். பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தைப் போக்க வேண்டும். பற்றரியைத் திரும்பப் பூட்டி இயக்க வேண்டும். அப்போதும் திரை இருண்டிருந்தால் நினைவக அட்டையைத் துடைத்துப் போட வேண்டும். எந்தக் கணினி வகுப்பிலும் இதுவே முதற்பாடம்.

4. கண்ணகை பற்றரியைக் கழற்றிப் பொத்தானை அமுக்கினார். அரை நிமிடம் முடியவில்லை. முதற் சூடு கழுத்தில். விழுந்த பின் முகத்தில். பற்றரியைப் பிடித்திருந்த விரல்களைச் சப்பாத்தால் மிதித்து விரித்தார்கள். தடுக்கப்போன உசனார் இவற்றைக் கண்ணால் கண்டவர். சாட்சி சொல்லவும் வருவார்.

5. குண்டைப் பொருத்துகையில் சுடப்பட்டார் என்று பொலிஸார் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டு நான் கையெழுத்திட்டால்தான் உடலைத் தருவார்களாம். நான் கையெழுத்திடவில்லை. உடல் இன்னும் ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் கிடக்கிறது. முகம் மூடியே இருக்கிறது.

6. ஆகையால், பொலிஸார் வைத்திருக்கும் அம்மடிக்கணினியைத் தங்கள் முன்னிலையில் திறந்துகாட்ட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அச்சமிருந்தால் எல்லோரும் மணல்மூட்டைக்குப் பின்னால் நிற்கலாம். பொத்தானை நான் தனியாக அமுக்குகிறேன். சூடு பட்டு அது இயங்காது போனாலும், திருகாணி திருகாணியாய்க் கழற்றி வைப்பேன். வெடிமருந்து ஏதும் இருந்தால் அங்கேயே என்னைச் சுடலாம்.

7. நான் மனு எழுதுவதை அறிந்து, நேற்று முதல் யாரோ தொலைபேசியில் பேசுகிறார்கள். “மனுக் கினு எண்டு திரிஞ்சா நீயும் பெண்டிலுக்குப் பக்கத்திலதான் படுப்பாய்” என்கிறார்கள். மனுவை நான் மீளப்பெறப் போவதில்லை. தங்கள் பதிலைத் தபாலில் அனுப்பி உதவுங்கள். தொலைபேசியை நிறுத்தி வைத்துவிட்டேன்.

கல்லடி,
18.06.2007

இப்படிக்கு,
அ. வினாயகமூர்த்தி