சாளரத்தைத் தட்டிய கோல்

ஓல்சா ஆற்றங்கரை,
1848 செப்டம்பர் 19, செவ்வாய்.

வியன்னா மன்றத்தில் வீற்றிருக்கும் என் மைத்துனன் ஒந்த்ராவே! அவனருகே அமர்ந்திருக்கும் உழவர்குடிப் பேராளர்களே! நீங்கள் கைதூக்கி ஒழித்த ரொபோத்தா என்னும் கூலியில்லாக் கட்டாய உழைப்பு, நேற்று விடியலில் எங்கள் சாளரத்தைத் தட்டியது. இதை எழுந்து நின்று உரக்கப் படி, ஒந்த்ரா.

நாங்கள் நலம். உருளைக்கிழங்கு இவ்வாண்டு அழுகவில்லை. உன் அக்காள் ரோசினாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிறன்று பாதிரியார் செய்தித்தாளை விரித்து, பெருநிலக்கிழார் வயலில் இனி எவரும் கூலியின்றி உழைக்க வேண்டியதில்லை என்று படித்தார். மாலையில் நான் மதுக்கடை முன்னே பீப்பாய்மேல் ஏறி விடுதலையைப் பற்றி ஒருமணி நேரம் முழங்கினேன். ஊரே ஆர்ப்பரித்தது.

திங்கள் விடியலில் கிழார் மாளிகைக் கங்காணி குபா வழக்கம்போல் கோலால் மூன்று முறை தட்டி, "ரொபோத்தாவுக்கு!" என்று கூவினான். ஊரே எழுந்தது. எவரும் எங்களை அடிக்கவில்லை, அச்சுறுத்தவுமில்லை. முழங்கிய நானே காலணி மாட்டி, மண்வெட்டியைத் தோளில் வைத்துவிட்டேன்!

ரோசினா வாசலை மறித்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?"

"ரொபோத்தாவுக்கு" என்றேன்.

"நேத்து பீப்பா மேல ஏறிக் கத்தினீங்களே, அது யாருக்கு? பீப்பாவுக்கா?"

எங்கள் போலிஷ் பேச்சில் சொந்த நிலத்தை உழுவதும் ரொபோத்தா, ரொட்டி சுடுவதும் ரொபோத்தா, கிழாருக்குக் குனிவதும் ரொபோத்தா. உங்கள் செக் மொழியிலோ அது கிழாருக்குச் செய்யும் கட்டாய உழைப்பு மட்டுமே. திருமணமான நாள்முதல் தன் அடுப்படி வேலைக்கு அச்சொல்லை அவள் சொல்லியதேயில்லை. அது அவளுடைய பிடிவாதம் என்று இருபது ஆண்டுகள் எள்ளி நகைத்தேன்.

அவள் என்னைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். குபாவின் கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தாள்.

"அடியே ரோசினா, அது மாளிகைக் கோலுடி!" என்று அலறினான் அவன்.

"அப்ப மாளிகையே நடந்து வந்து தட்டட்டும்! நீ வீட்டுக்குப் போய் உன் கிழங்கைத் தோண்டு, போ!"

நாற்பது பேர் சிரித்தோம். சிரித்தபின் ஒருவராலும் முன்னே அடியெடுத்து வைக்க முடியவில்லை, திரும்பிவிட்டோம்.

நண்பகலில் மாளிகைக் காவலர் வந்து அவளை இழுத்துச் சென்று தவசக் கிடங்கில் பூட்டினர். மாளிகைப் பொறுப்பாளர் என்னிடம் சொன்னது இது: "செய்தித்தாள்ல ஆயிரம் எழுதுவான். முத்திரை வச்ச தாள் எங்கே? அடுத்த திங்கக்கிழமை எல்லாரும் வயல்ல நில்லுங்க, உன் பொண்டாட்டி வீட்டுக்கு வருவா."

நாங்கள் என்ன செய்வது என்று கிடங்கின் காற்றுத்துளை வழியே அவளிடம் கேட்டேன். அவள் விடை: "ஒருத்தனும் போகக் கூடாது. போனீங்கன்னா நான் வெளிய வந்து அந்த மண்வெட்டியாலயே பேசுவேன். அப்புறம், பசுவுக்குத் தண்ணி வச்சீங்களா?" போகமாட்டோம் என்று ஊர் கூடி உறுதி பூண்டுவிட்டது.

ரொபோத்தா என்ற சொல்லின் வேரை நேற்று மாலை பாதிரியாரிடம் கேட்டேன். பழைய திருச்சபை ஏடுகளில் அதன் பொருள் அடிமைத்தனமாம். அதற்கும் முன்னே, பெற்றோரை இழந்து பிறர் வீட்டில் உணவுக்காக உழைத்த பிள்ளையைக் குறித்த சொல்லிலிருந்து கிளைத்ததாம். தாயும் தந்தையும் மறைந்தபின் அக்காளும் தம்பியுமாக இதே மாளிகைத் தொழுவத்துக்கு வந்தவர்கள் அல்லவா நீங்கள்? நீ காய்ச்சலில் கிடந்த குளிர்காலம் முழுவதும் உன் பங்குச் சாணத்தையும் அவளே வாரினாள். அந்தத் தொழுவத்தை ஒட்டியதுதான் இந்தக் கிடங்கு. உனக்கு வழி சொல்லத் தேவையில்லை.

அவள் உன்னிடம் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன். முத்திரையிட்ட சட்டத்தாளை, போலிஷிலும் செக்கிலும், உன் கையாலேயே எடுத்துக்கொள். சனிக்கிழமை பொகுமின் செல்லும் தொடர்வண்டியில் ஏறு. ஞாயிறன்று நீயே கோயிலில் நின்று அதைப் படி. திங்கள் விடியுமுன் அந்தப் பூட்டு திறந்திருக்க வேண்டும். புறப்படு, ஒந்த்ரா!

உன் அக்காளின் கணவன்,
யூரா