கூட்டில் நீங்கள் பூசிய மண்

அப்பாவுக்கு,

நேற்று டவுன் பஸ்ஸில் செராமிக் எஸ்டேட்டைத் தாண்டும்போது, எந்தக் கொட்டகையிலோ களிமண் குழைக்கிற வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணை மூடி மூச்சை இழுத்து, “மழ பேஞ்ச மாதிரி இருக்குது இல்ல?” என்றாள். எல்லோருக்கும் ஈர மண் என்றால் மழை ஞாபகம் வரும் போல. எனக்கு உங்கள் விரல் நகங்கள் ஞாபகம் வந்தன. இறங்கும்வரை எரிச்சலாகவே இருந்தது.

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. நலம் விசாரிக்க ஒன்றும் இல்லை. போன மாதம் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது, அதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் பழையதைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். உங்களுக்கு வசதியில்லாததை எல்லாம் சுலபமாக மறந்துவிடுகிற ஆள் நீங்கள்.

ஊரில் உங்களுக்குப் பெரிய பேர். சூளை மேஸ்திரி. சரக்கை அடுக்கி, சூளை வாசலைக் கல் வைத்து மூடியதும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண் பூசி அடைப்பது உங்கள் பொறுப்பு. மயிரிழை இடுக்கு இருந்தாலும் காற்று புகுந்து, உள்ளே வேகிற பொம்மையும் பீங்கான் ஃபியூஸும் விரிசல் விட்டுவிடும். “மேஸ்திரி பூசினா எறும்பு நுழையாது” என்று முதலாளிமார் சொல்லிச் சொல்லியே உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் மேஸ்திரியாகவே இருந்தீர்கள். அம்மா வைக்கிற ரசம், நான் பெருக்குகிற வாசல், எதிர் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்துகிற லட்சணம், எதுவுமே உங்களிடம் தேறாது. யோசித்துப் பார்த்தால் நீங்கள் ஆயுசில் எதையும் கட்டியதே கிடையாது. மற்றவர்கள் கட்டியதில் இடுக்கு தேடினீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பெண்ணாடத்திலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினேன். கரும்பு டிராக்டர் ஓட்டுகிற உங்கள் மாப்பிள்ளை கை நீட்டுவதை நிறுத்துவதாக இல்லை. எனக்கும் அடி வாங்கி மாளவில்லை. உதடு வீங்கியிருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சூட்கேஸைப் பார்த்தீர்கள். “எத்தினி நாளைக்கு?” என்றீர்கள். மறுநாள் காலையில் டீ டம்ளரைக் கையில் வாங்கும்போதும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். லாட்ஜ்காரன்கூட வந்தவளிடம் இப்படித் தினமும் கேட்கமாட்டான். அம்மா ஒவ்வொரு தடவையும் எதையோ தேடுகிற மாதிரி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

கோழி வளர்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் கிடையாது. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கூடு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் கூடு கட்டிக் கோழி விடுகிறவள் நாளைக்கே பஸ் ஏறிவிடமாட்டாள் என்று உங்களுக்கு உறைக்கட்டும் என்று நினைத்தேன்.

எஸ்டேட்டுக்குப் பின்னால் உடைந்த சூளைப் பெட்டிகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். சரக்கை உள்ளே வைத்துச் சூளையில் அடுக்குகிற கனத்த மண் பெட்டிகள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சைக்கிள் கேரியரில் இரண்டிரண்டாகக் கட்டிப் பத்து நாள் தள்ளிக்கொண்டு வந்தேன். நாலு மூலைக்குச் சவுக்குக் கழி நட்டு, தரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் பலகை போட்டு, மூன்று பக்கமும் பெட்டிகளை அடுக்கினேன். மேலே பழைய சிமெண்ட் ஷீட். ஆணி அடித்ததில் பாதி வளைந்தது, கட்டைவிரல் கறுத்துப்போனது.

சுவருக்கு அந்தப் பக்கத்துப் பரிதா அக்காதான் எனக்கு வழி சொன்னவள். வீட்டுக்காரர் துபாயில், அவள் இங்கே இருபது கோழியோடு. “தீனி கொறஞ்சாலும் தாங்கும் பொண்ணு, காத்து கொறஞ்சா கோழி தாங்காது. கூரைக்குக் கீழ ஒரு ஜாண் வுடு, அடியில நாலு வெரக்கட வுடு. கம்பி வலைய அடிச்சிட்டா கீரி வராது” என்றாள். அப்படியே விட்டேன். பெட்டிகளுக்கு நடுவிலும் அங்கங்கே இடைவெளி விட்டேன்.

நீங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள். ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. “கூடா இது? பல்லு போன கெழவி வாயாட்டம் இருக்குது” என்றீர்கள். கதவுக்குக் கீல் சரியாக உட்காரவில்லை, கீழ் மூலை நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கும் ஒன்று வைத்திருந்தீர்கள். “கதவு ஒரு பக்கமா தொங்குது பாரு, கட்டினவளாட்டமே.” சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். சிரிக்க அங்கே வேறு ஆள் இல்லை.

மங்கலம்பேட்டையில் பரிதா அக்காவின் தங்கை வீட்டிலிருந்து ஆறு பெட்டையும் ஒரு சேவலும் கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். மூன்றாம் வாரம் முதல் முட்டை. கூட்டைத் திட்டிய அதே வாயால் அரைவேக்காடாக வேகவைக்கச் சொல்லி, மிளகுத்தூள் தூவித் தின்றீர்கள். “முட்ட நல்லாதான் இருக்குது” என்று உதட்டைத் துடைத்துக்கொண்டு, “எத்தினி நாளைக்கு?” என்றீர்கள்.

கத்திரி வெயில் தொடங்கி நாலாம் நாள், என் சர்டிபிகேட்டையும் துணிமணியையும் எடுத்துவரப் பெண்ணாடம் போனேன். அன்றைக்கு வீட்டில் நடந்ததை அம்மா பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் போன கையோடு நீங்கள் மண் குழைத்திருக்கிறீர்கள். “அவ வரட்டுங்க, கேட்டுக்கிலாம்” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். “இத்தினி இடுக்க வச்சிக்கினு என்னால பாத்துக்கினு இருக்க முடியாது” என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மேலே, கீழே, நடுவே, வலைக்கு மேலேயும் விடாமல் அடைத்துப் பூசினீர்கள். ஈரப் பூச்சைக் கோழிகள் கிளறின. உடனே எல்லாவற்றையும் பிடித்து உள்ளே போட்டுக் கதவைத் தாழ் போட்டீர்கள். பிறகு சோறு தின்றுவிட்டு ஃபேனைப் போட்டுத் தூங்கினீர்கள். அந்தப் பெட்டிகள் சூட்டை எப்படிப் பிடித்து வைக்கும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? முப்பது வருஷம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று மணிக்கு வந்து கதவைத் திறந்தேன். ஐந்து பெட்டையும் சேவலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தொட்டால் கை சுட்டது. கறுப்புப் பெட்டை ஒன்று மட்டும் கதவின் கோணல் மூலையில் அலகை வெளியே நீட்டியபடி உயிரோடு இருந்தது. மரக் கதவில் மண் ஒட்டாது, அதனால் அந்த ஒரு இடம் உங்களிடமிருந்து தப்பித்திருந்தது.

அந்த வருஷம் டிவியைத் திறந்தால் பறவைக் காய்ச்சல் பேச்சு. செத்த கோழிகளை வெளியே எடுத்ததும் தெருவே கூடிவிட்டது. நோயாக இருந்தால் முனிசிபாலிட்டிக்காரன் வந்து எல்லோர் வீட்டுக் கோழியையும் பிடித்துக்கொண்டு போவான் என்று பயம். நீங்கள் எழுந்து வந்தீர்கள். “நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ கட்டின லட்சணம். காத்து போறதுக்கு வழி வக்கல” என்றீர்கள். உங்கள் பத்து நகத்திலும் மண் இருந்தது. கையைப் பின்னால்கூடக் கட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவு துணிச்சல்.

நான் பரிதா அக்காவைப் பார்த்தேன். காற்றுக்கு வழி விடச் சொன்னவளே அவள்தானே. அவள் கூட்டைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஆமாங்க, வெயிலும் அப்பிடி அடிக்குது” என்றாள். இவளும் இவ்வளவுதானா என்று எனக்கு மனம் விட்டுப்போனது.

நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைக் காட்டுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் சூட்கேஸ் பரண்மேல் காலியாக இருந்தது, பெண்ணாடத்துக்கு அரைமணிக்கு ஒரு பஸ். “நாந்தான் கவனிக்கல” என்றேன்.

மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரால் உங்கள் பூச்சைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டீ கொண்டுவந்தாள். நீங்கள் டம்ளரை வாங்கினீர்கள், குடித்தீர்கள், காலி டம்ளரைக் கீழே வைத்தீர்கள். எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஆறு கோழிகள் செத்து, நான் ஒரு பொய்யை விழுங்கிய பிறகுதான் எனக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது. கேவலமான பேரம் அது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசி எட்டு மாதம் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது துடைத்ததும் கழுவியதும் நான். ஒருநாளாவது வாய் திறப்பீர்கள் என்று பார்த்தேன். திறந்தீர்கள். “பூச்சு வேல தெரிஞ்சவன் இந்த ஊர்ல இனிமே ஒருத்தனும் இல்ல” என்றீர்கள். நான் கஞ்சியை ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தேன்.

இப்போது செய்திக்கு வருகிறேன். போன மாதம் பரிதா அக்கா முதுகு வலி என்று படுத்திருந்தாள், பார்க்கப் போயிருந்தேன். பேச்சுக்கு நடுவில் எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

“அக்கா, அன்னிக்கி கூட்ட அடச்சது நான் இல்ல. எங்கப்பா.”

“தெரியுமே பொண்ணு” என்றாள். “அவரு மண்ணு பூசறப்ப சுவத்துக்கு இந்தாண்ட நான் துணி காயப்போட்டுக்கினு இருந்தேன். வேணாங்க, கோழி செத்துடும்னேன். சூள வச்சவனுக்கு நீ சொல்லித் தரியான்னாரு. எனக்கு மட்டுமா, தெருவுக்கே தெரியும்.”

“அப்ப ஏங்க்கா ஆமாங்கன்னு சொன்னீங்க?”

“இல்லன்னு சொல்லியிருந்தா நாலு பேரு எதுர்ல அவரு மானம் போயிருக்கும். அந்தக் கோவத்த என்மேலயா காட்டுவாரு? அன்னிக்கே உன்ன பஸ்ஸு ஏத்தி அனுப்பியிருப்பாரு. குழாயடியில வச்சி நாங்க பேசிக்கினோம், மேஸ்திரிகிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும்னுதான்.”

இதுதான் அப்பா உங்களுக்கான செய்தி. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும்போது எழுந்து நின்று “வாங்க மேஸ்திரி” என்றார்களே, அத்தனை பேருக்கும் தெரியும். அந்த மரியாதையெல்லாம் எனக்காகக் கொடுத்தது. உங்கள்மேல் எனக்கு இருக்கிற இளக்காரம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை, இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் நான் தனியாக விழுங்கியதாக நினைத்த பொய்யை ஒரு தெருவே என்னோடு சேர்ந்து விழுங்கியிருக்கிறது. உங்களிடமிருந்து வைத்துக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. அவர்களிடமிருந்து இது இருக்கிறது.

நீங்கள் செத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. போன மாதம் பரிதா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் பயந்துபோய் மருமகளைக் கூப்பிடுகிற அளவுக்கு.