பதினாறு தூண்களும் லாரித் தண்ணீரும்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் முதுகைச் சுடுகிறது. ஆம்பூரில் ஓர் இலை அசையவில்லை. சைட்டுக்குப் போகிற வழியில் ஷூ கம்பெனி பஸ் இரண்டு எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, பத்து நிமிடம் தெரு அடைப்பு. இந்தத் தெருவில்தான் கீழே கார் நிறுத்த இடம் விட்டு மேலே ஐந்து மாடி கட்டுகிறோம்.

இன்று:
– க்யூப் ரிப்போர்ட் வாங்க
– தளம் போட சென்ட்ரிங் பலகைக்கு முட்டு போதவில்லை, சொல்ல
– மாதக் கடிதம், கையெழுத்து
– பெயிண்டருக்கு போன். வீட்டில் சமையலறைக் கூரையில் பழுப்புக் கறை

ரிப்போர்ட் வந்தது. தூண் போட்டபோது எடுத்துவைத்த கான்கிரீட் கட்டிகளை வேலூர் லேபில் நசுக்கிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் தேவைக்கு மேல் பலம். கோபால் மேஸ்திரியிடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே தலையாட்டினார்.

"இதுக்கு ஒரு லேபு வேணுமா மேடம்? தட்டுனா சத்தமே சொல்லும்."

ஒன்பது வருடம் முன்பு எங்கள் வீட்டைக் கட்டியவரும் இவர்தான். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு. அத்தைக்கு இவர் சொன்னால் வேதவாக்கு. கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கிறார்கள், அதற்குள் மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும், அதையும் இவரிடமே சொல்லிவைத்திருக்கிறார் மாமியார்.

மாதக் கடிதம். இந்த மனை, கட்டி விற்கிற முதலாளி அப்ரார் பாயின் தாத்தா தோல் பதனிடும் டேனரி நடத்திய இடம். ஊர் பிளானில் தொழிற்சாலைப் பகுதி. அதைக் குடியிருப்பாக மாற்றித் தந்தபோது பிளானிங் ஆபீஸில் ஒரு நிபந்தனை போட்டார்கள். நிலத்தடி நீர் கெட்டுப்போனது, ஆகவே கட்டட வேலைக்கு வெளியிலிருந்து வாங்கும் தண்ணீர் மட்டும். அப்படித்தான் நடக்கிறது என்று சைட் இன்ஜினியர், அதாவது நான், மாதாமாதம் எழுதித்தர வேண்டும். இன்று மூன்றாவது கடிதம். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அதே வாசகம்தானே.

பெயிண்டர் போன் எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தெரு அகலம் அளக்க பிளானிங் ஆபீஸிலிருந்து இரண்டு பேர். நல்ல வேளை, வெயிலுக்குத் தொப்பி கொண்டுவந்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் டேப்பைப் பார்த்ததும் ஓடிவந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்க படி ரோட்டுல இல்ல சார். ரோடுதான் எங்க படியாண்ட வந்துகீது."

அளந்தவர் சிரித்துவிட்டார். நம் மதிலைப் பின்னால் தள்ளியிருப்பதால் அகலம் சரி. ஐந்து மாடிக்குத் தடையில்லை. பாய்க்கு போனில் சொன்னேன், "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று தடவை.

சாயந்தரம் சித்தாள் சரளாவும் மற்ற பெண்களும் தொட்டியிலிருந்து குடத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தினமும் நடப்பதுதான். லாரித் தண்ணீர், நல்ல ருசி.

"எங்க தெருவுல வாரத்துக்கு ஒருக்காதான் மேடம் வருது. அதுவும் சண்ட போட்டு."

பிடித்துக்கொள்ளட்டும். லாரி எப்போதாவதுதான் வருகிறது, ஆனால் தொட்டி குறையவே இல்லை. மேஸ்திரி சிக்கனக்காரர்.

ஜூன் 11, புதன்

நேற்றிரவு நல்ல மழை. பாலாற்றில் ஓடுமளவுக்கு இல்லை, மண் வாசனைக்குப் போதும்.

காலையில் தூண்களின் அடியில் வெள்ளை. சுண்ணாம்பு தெளித்தது மாதிரி, முழங்கால் உயரத்துக்குப் பூத்திருக்கிறது. பதினாறு தூணிலும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கருவாட்டுக் கூடையை நக்கினது போல.

தூணில் சுற்றிய ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டிருந்த சரளாவைக் கேட்டேன், இதற்கு எந்தத் தண்ணீர் ஊற்றினாய் என்று.

"போர் தண்ணிதான்."

"கான்கிரீட் கலக்கும்போது?"

"அதுவும் போருதான். லாரித் தண்ணியவா ஊத்துவாங்க? அய்யே."

அவள் என்னைப் பார்த்த பார்வை. பாலை வாசலில் கொட்டச் சொன்னவளைப் பார்ப்பது போல.

மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

கோபால் மேஸ்திரியை (கோ.மே.) தனியாக மிக்சர் பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"போர்லதான் கலந்தேன். இன்னா இப்போ?"

"முதல் நாளே சொன்னேன் இல்ல மேஸ்திரி, லாரித் தண்ணிதான்னு?"

"சொன்னீங்க. தண்ணி வந்துச்சு, தொட்டியில விட்டேன். பொழுது சாஞ்சா பொம்பளைங்க கொடத்த எடுத்துக்னு நிக்குதுங்க. மனுசன் குடிக்கிற தண்ணிய சிமெண்டுல ஊத்த எனக்குக் கை வரல மா."

"உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்கும் மேஸ்திரி."

"லேபுலயே பலம் ஜாஸ்தின்னு வந்துகீதே?"

அதுதான் பேஜார். உப்புத் தண்ணீரில் கலந்தால் கான்கிரீட் சீக்கிரம் இறுகும், கட்டியை நசுக்கினால் நன்றாகவே காட்டும். கெடுவது உள்ளே. கம்பி மெல்ல மெல்லத் துருப்பிடித்து உப்பி, மேலே இருப்பதைப் பிளக்கும். இன்றைக்கு இல்லை, சில வருடம் கழித்து. அப்போது மேலே ஐந்து மாடி நிறைய ஜனங்கள்.

விளக்கினேன். கேட்டார். நம்பினாரா தெரியவில்லை.

அஸ்திவாரம் தப்பித்தது. அது வேலூரிலிருந்து ரெடிமிக்ஸ் லாரியில் வந்தது. தூணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே வேண்டும் என்று இங்கேயே கலந்தோம். தப்பு என்னுடையது. மணலைச் சலித்துப் பார்த்தேன், ஜல்லியைப் பார்த்தேன், சிமெண்ட் மூட்டையில் தேதி பார்த்தேன், கம்பியை அளந்தேன். தண்ணீரை ஒரு நாளும் பார்க்கவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான். எங்கள் வீட்டில் லாரித் தண்ணீரில் யாராவது காய்கறி கழுவினாலே அத்தை சத்தம் போடுவார். மேஸ்திரிக்குக் கை வராது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று கடிதம். மூன்றிலும் என் கையெழுத்து.

ஜூன் 13, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து பாய் சைட்டுக்கு வந்தார். சொன்னேன். வெயிலில் நின்றபடியே கேட்டார். குடை பிடிக்க வந்த டிரைவரைப் போகச் சொல்லிவிட்டார்.

"ரிப்போர்ட் நல்லாதானே மா வந்துச்சு?"

"அது பலத்துக்கு பாய். உப்புக்குத் தனியா பாக்கணும்."

"அடுத்த வெள்ளி மொதல் தளம் ஸ்லாப்பு. புக் பண்ணவங்கள எல்லாம் வரச் சொல்லிட்டேன்." பிறகு, "வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

அந்தக் கேள்விதான் பிடிக்கவில்லை. இல்லை என்றேன். உண்மைதான்.

ஜூன் 14, சனி

பாய் வேறொரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார். வேலூர்க்காரர், வெள்ளைச் சட்டை, காரை விட்டு இறங்கியதும் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்து டேனரி வாசனை. இரண்டு தூணைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். மேல ஒரு கோட்டிங் அடிச்சிட்டா போதும். உள்ள யார் பாக்கப் போறாங்க?"

"அத எழுதிக் குடுத்துடுங்க சார்."

போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே காருக்குப் போய்விட்டார். பாய் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். இவர் ஷூ கம்பெனியில் செக்கிங். "ஒரு தையல் விட்டாலே நாங்க ஜோடியையே தள்ளிடுவோம்" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, "ஆனா வேல போச்சுன்னா இன்னா பண்ணுவ?" இரண்டும் சரியான பேச்சுதான். எனக்குத்தான் எரிச்சல். தோசை கருகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

பாய் போன். "டெஸ்ட் எடுங்க மா. சந்தேகம் வந்துச்சுல்ல, எடுத்துடுங்க." குரலில் உற்சாகம் இல்லை.

நான்கு தூணில் துளை போட்டுப் பொடி எடுத்தோம். போர் தண்ணீர் ஒரு பாட்டில். வேலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். லேபில் இருந்த பெண் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "சுத்தமா இருக்கே" என்றாள். பார்க்க அப்படித்தான் இருக்கும்.

கோ.மே. என்னோடு பேசுவதில்லை. டீ வந்தால் எனக்கும் ஒன்று அனுப்புகிறார், அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

கரண்ட் இல்லை, மூன்று மணி நேரம்.
கேஸ் புக் செய்தேன்.
பெயிண்டர் கடைசியில் போன் எடுத்தான். திங்கள் வருகிறானாம்.
அத்தை நாள் பார்த்துவிட்டார். அதே திங்கள் காலை கோ.மே. எங்கள் வீட்டுப் புது மாடிக்கு அளவு நூல் பிடிக்க வருகிறார். என்னோடு பேசாதவர் அத்தையோடு அரை மணி நேரம் போனில்.

ஜூன் 19, வியாழன்

ரிப்போர்ட். நான்கு தூணிலும் உப்பு, அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு. பாட்டில் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பாயிடம் காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார், மடித்தார், திரும்பப் பிரித்துப் படித்தார். பிறகு போர் மோட்டார் பக்கம் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"இந்தத் தண்ணிய இப்பிடி ஆக்குனது யாரு மா? தோல் ஊற வெச்ச உப்பெல்லாம் எங்க தாத்தா இங்கதான் வுட்டாரு. அது மேலயே வீடு கட்டி விக்கிறேன் நானு."

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒடச்சிடுங்க. பதினாறையும்."

நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதில் அடுத்ததைச் சொன்னேன்: முன்னால் கொடுத்த மூன்று கடிதமும் தப்பு என்று ஆபீசுக்கு எழுதப் போகிறேன்.

"ஒடச்சதுக்கு அப்புறமும் எழுதியே ஆகணுமா?"

"ஆமா பாய். என் கையெழுத்து."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த மாதம் எனக்கு இங்கே வேலை உண்டா தெரியாது. கடிதம் சாயந்தரம் ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. ரசீதை இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்லாப் நாள். ஸ்லாப் இல்லை. சென்ட்ரிங் பிரித்தோம். புக் செய்தவர்களில் ஒரு குடும்பம் தகவல் தெரியாமல் பிள்ளைகளோடு வந்துவிட்டது. தூணை உடைக்கப் போகிறோம் என்றதும் அந்த ஆள், "அப்போ பில்டிங் வீக்கா மேடம்?" என்று பயந்துபோனார். வீக்காக இருக்கக் கூடாது என்றுதான் உடைக்கிறோம் என்று சொன்னேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் 21, சனி

பிரேக்கர் மெஷின் சத்தம், காலையிலிருந்து. இன்னும் காதில்.

முதல் தூணை வெளியாள் தொட வந்தபோது கோ.மே. மெஷினைப் பிடுங்கிக்கொண்டார். "நான் போட்டது. நானே ஒடைக்கிறேன்." இந்த வயதில் அது உடம்பையே உலுக்கிவிடும். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டு தூண் முடித்துவிட்டு மணல் மேல் உட்கார்ந்தார். கை நடுக்கம் நிற்கவில்லை. டீ கிளாசை நான் பிடித்துக்கொண்டேன்.

சரளா லாரித் தண்ணீரில் துணியை நனைத்து அவர் கழுத்தில் போட்டாள். இனி குடத்துக்குத் தனித் தொட்டி, கலவைக்குத் தனித் தொட்டி. அதையும் பாய் ஒத்துக்கொண்டார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு கோ.மே. என்னோடு பேசினார்.

"எத்தன வீடு மா கட்டிகீறேன் இந்த ஊர்ல."

"தெரியும் மேஸ்திரி."

"எல்லாத்துக்கும் போர் தண்ணிதான்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சம் டீயை மணலில் ஊற்றினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மேகமூட்டம். வெயில் கம்மி.

அத்தை குளிக்கப் போயிருந்தார். இவர் கறி வாங்கக் கடைக்கு. சைட்டிலிருந்து சின்னச் சுத்தியலைப் பையிலேயே கொண்டுவந்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, சமையலறை உத்தரத்தில், பழுப்புக் கறைக்குப் பக்கத்தில் தட்டினேன். டப். காலியான டப்பா சத்தம். இன்னும் கொஞ்சம் தள்ளி. டப். மூன்றாவது தட்டில் ஒரு பெரிய பில்லை பெயர்ந்து கிரைண்டர் மேல் விழுந்தது. உள்ளே கம்பி. கம்பி என்று சொல்வதா அதை. விரலால் தேய்த்தேன், ஏடு ஏடாக உதிர்ந்தது.

இதன் மேல் நாளைக்கு நூல் பிடிக்க வருகிறார்கள்.

"இன்னா சத்தம் மா?" குளியலறையிலிருந்து அத்தை.

"ஒண்ணுமில்ல அத்த."

வாயில் அதுதான் வந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன அதே வார்த்தை. ஸ்டூலில் நின்றபடியே வெட்கமாக இருந்தது. பெயர்ந்ததைக் கூட்டி அள்ளவில்லை. அப்படியே கிடக்கட்டும், வந்து பார்க்கட்டும்.

செய்ய:
– பெயிண்டர் வேண்டாம் என்று சொல்ல
– மேஸ்திரிக்கு போன், நூல் வேண்டாம், சுத்தியலோடு வரச் சொல்ல
– அத்தை. இப்போதே. தலை துவட்டிக்கொண்டு வருகிறார்