பழைய டிரைவரைத் திரும்ப வைத்த வாரம்

ஜனவரி 5, திங்கள்

பனி. எதிர் பில்டிங் ஒன்பது மணி வரை தெரியவில்லை. நான் சமைத்துப்போடும் பிஜி ஹாஸ்டல் பெண்களுக்குக் காலையில் உப்புமா. முகம் சுளித்துக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கினார்கள். அவரைக்காய் சீசன், மூட்டை வந்து இறங்கியாச்சு. உரித்து, ஊறவைத்து, ஒவ்வொன்றாய்த் தோல் பிதுக்க வேண்டும். இந்த மாதம் எனக்கு நகம் கிடையாது.

மதியம் வேலை இல்லை. சும்மா இருந்ததுதான் தப்பு. கம்ப்யூட்டரைப் போட்டேன். தீபா புனேவுக்கு வேலைக்குப் போகும்போது எனக்கு விட்டுப்போனது. பழைய பெட்டி, உள்ளே லினக்ஸ், எழுத்தெல்லாம் தமிழில் வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தாள். (தீபா என் ஒரே மகள். இனிமேல் தீ. போதும், பேனா மிச்சம். தீ என்றால் நெருப்பு, பொருத்தம்தான்.)

'புதுப்பிக்கவா?' என்று கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று ஆம் கொடுத்தேன். அடுத்து நீளமாக ஒன்று வந்தது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இவர் தோளுக்கு மேலே எட்டி, கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டார்.

"ஆதார் அட்டைய நிறுத்திட்டாங்களாம்டி."

"யாருது?"

"பழைய அட்டை எல்லாமே."

கேப் ஓட்டிவிட்டுத் தூங்க வந்த மனுஷன், சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஆதாரோடு சேவா மையத்துக்குக் கிளம்பிவிட்டார். நான் கண்ணாடி போட்டுப் படித்தேன். 'பழைய வரைகலை அட்டைகளுக்கான ஆதரவு இந்தப் பதிப்பில் நீக்கப்பட்டுள்ளது. தொடரவா?' ஆதார் இல்லை, ஆதரவு. வரைகலை என்றால் கோலம் மாதிரி ஏதோ. நமக்கென்ன. தொடர்.

இவருக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடந்தால் தொப்பை குறையும்.

திரும்பி வந்து: "அங்க இருக்கிறவன் சிரிக்கிறான் மல்லிகா."

"நல்லது. ஒருத்தனையாவது சிரிக்க வச்சீங்களே."

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. எழுந்ததும் ஆள் மாறியிருந்தது. எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாய், மங்கலாய். லாரி ஆட்டத்தைத் திறந்தேன். லாரி ஓடவில்லை. ஃபோட்டோ ஃபோட்டோவாக நகர்கிறது. ஒரு ஃபோட்டோவில் ரோட்டில் இருக்கிறேன், அடுத்த ஃபோட்டோவில் வயலில்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகணும்.

ஜனவரி 6, செவ்வாய்

சாம்பாரில் உப்பு தூக்கல். யாரும் சொல்லவில்லை, தண்ணீர் கேன் மட்டும் சீக்கிரம் காலி.

ஞாயிறு ஏன் முக்கியம் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் படித்தால் பைத்தியக்காரி என்று நானே நினைப்பேன்.

ஞாயிறு சாயங்காலம் தீ. புனேயில் ஒரு லாரி ஏறுவாள், நான் இங்கே ஒன்று. இரண்டும் ஆட்டத்துக்குள் ஒரே ரோட்டில், ஏதோ வெளிநாட்டு ரோடு, முன்னும் பின்னுமாகப் போகும். மைக்கில் பேச்சு. போனில் பேசாததெல்லாம் அதில் பேசுவாள். கண்ணு ரோட்டில் இருப்பதால் வாய் தானாகத் திறக்கும் போல. போன வருஷம் வந்த வரனை அவள் வேண்டாம் என்றதிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் போனில் 'சாப்பிட்டியா', 'ம்', அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஞாயிறு மட்டும் இவர் எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவளிடம் பேசமாட்டார். நான் ஓட்டுவதைத் திட்டுவார். "ராங் சைடுல போறே, ராங் சைடு." அந்த ஊரில் வண்டியெல்லாம் வலது பக்கம்தான். சொன்னால் ஏறாது. முப்பது வருஷ டிரைவர்.

போன ஞாயிறு தீ. சொன்னது: "அம்மா, அடுத்த வாரம் ஒண்ணு சொல்லணும். வண்டியிலதான் சொல்லுவேன். அப்பாவும் இருக்கட்டும்."

பொங்கலுக்கு அப்புறம் இவருக்கு ஞாயிறும் டியூட்டி. அப்பாவும் இருக்கிற ஞாயிறு இந்த ஒன்றுதான்.

என்னவாக இருக்கும்:
வேலை மாற்றம் (அதுக்கு எதுக்கு அப்பா)
முடி வெட்டிக்கொண்டாள் (போன தடவையே பார்த்தாச்சு)
பையன்
பையன்
பையன்

ஜனவரி 7, புதன்

மேல் மாடி கீர்த்தனாவைப் பிடித்தேன். துமகூர் பெண், தமிழில் கன்னடம் கலக்கும், கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, என் பிதுக்கின அவரைக் குழம்புக்கு அடிமை. தட்டோடு வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, டிரைவர் மாறிடுச்சு."

"எனக்கா? அதே டிரைவரோடதானே குடும்பம் நடத்துறேன்."

"அய்யோ, அது அல்ல. கம்ப்யூட்டர் சொல்றத, படம் காட்டுற கார்டுக்குப் புரிய வைக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கும், அதுக்குப் பேர் டிரைவர். இப்ப புது டிரைவர் வந்திருக்கு. அது பழைய கார்டைத் தொடாது. உங்க கார்டு ஹளேது ஆன்ட்டி, பழசு, பத்து வருஷம்."

"கெட்டுப்போச்சா?"

"கார்டு சென்னாகே இருக்கு. கூட வர்ற ஆள் நின்னுட்டாரு, அஷ்டே, அவ்வளவுதான்."

நல்லா இருக்கிறதைக் கைவிடுகிற கம்பெனி என்ன கம்பெனி என்று கேட்டேன். புதுசு விற்கணுமே ஆன்ட்டி என்றாள். சரிதான். பழைய டிரைவரைத் திரும்ப வைக்கலாமாம், ஆனால் அவளுக்குப் பழக்கமில்லை, ஆபீஸ் மெஷின்களில் இந்த மாதிரி கார்டே கிடையாதாம்.

இதில் ஒரு கூத்து. அவள் "பழைய டிரைவரைத் தூக்கிட்டாங்க, திரும்ப சேர்க்கிறது ஸ்வல்ப கஷ்டம்" என்று சொல்லும்போது இவர் வாசல் வரை வந்து, கேட்டு, அப்படியே திரும்பிப் போயிருக்கிறார். டீ குடிக்கவில்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். கீர்த்தனா கம்பெனிக்குத்தான் இவர் கேப் ஓடுகிறது.

கடைசியில்: "யாரைத் தூக்கிட்டாங்களாம்?"

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "வயசான ஆளாம். பாவம். கண்ணாடி போடாம படிப்பாராம்."

கொஞ்ச நேரம் ஆனது புரிய. துண்டை என் மேல் எறிந்தார். டீ குடித்தார், இரண்டு டம்ளர்.

சாயங்காலம் தீ.க்கு போன். கார்டு கதையைச் சொன்னேன்.

"போன்லயே சொல்லேன்டி, என்ன விஷயம்னு."

"இல்லம்மா. வண்டியிலதான். அது போன்ல சொல்ற மாதிரி இல்ல. கார்டுக்கு நான் ஒருத்தரைக் கேட்டுச் சொல்றேன்."

ஒருத்தர். ஆணா பெண்ணா தெரியாத மாதிரி ஒரு வார்த்தை. என்னிடமேவா.

ஜனவரி 8, வியாழன்

குளிர். எண்ணெய் உறைந்துவிட்டது. கொசுவுக்கு மட்டும் குளிரவில்லை.

அந்த 'ஒருத்தர்' எழுதி அனுப்பியது கீர்த்தனா போனுக்கு வந்தது. முதலில் புது டிரைவரை எடு, பிறகு பழைய வரிசையிலிருந்து ஒன்றை வை, பிறகு மறுபடி துவக்கு. பக்கத்தில் 'இங்கே பயப்பட வேண்டாம்' என்று வேறு எழுதியிருக்கிறது.

"யார் ஆன்ட்டி இவரு, நீட்டா எழுதுறாரே."

"ஒருத்தர்."

செய்தாள். மறுபடி துவக்கினோம். கறுப்பு. வெள்ளை எழுத்து நாலு வரி. வேறு ஒன்றும் இல்லை. 'இங்கே பயப்பட வேண்டாம்' என்பது இந்த இடம்தான் போல. நான் பயப்படவில்லை, கீர்த்தனா பயந்தாள். அவளுக்கு அவல் கொடுத்து அனுப்பினேன்.

இவர் பார்த்துவிட்டு: "நேத்து மங்கலாவாவது தெரிஞ்சுது. ரிப்பேர்னு கை வச்சா இப்படித்தான்." போகும்போது திரும்பி: "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகுமா?"

அக்கறை இல்லாதவர் கேட்கிற கேள்வியா இது.

ஜனவரி 9, வெள்ளி

கேஸ் சொல்லணும். கொத்தமல்லி. ஸ்டூல் ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைக்கணும் (ஆதார் அல்ல).

தீ. மத்தியானம் கூப்பிட்டாள். கீர்த்தனா அனுப்பின கறுப்பு ஸ்கிரீன் ஃபோட்டோவைப் பார்த்தாளாம்.

"கர்னலும் புதுசாகிடுச்சும்மா, அதான் பழைய டிரைவர் ஒட்டல. பழைய கர்னலையும் சேர்த்து வைக்கணும்னு அவரு சொன்னாரு."

"கர்னல்னா யாரு, மிலிட்டரியா?"

"அம்மா. எல்லாத்துக்கும் அடியில ஓடுற சாஃப்ட்வேர்மா அது."

"அந்த ஒருத்தருக்கு இன்னைக்கு ஆபீஸ் இல்லையா, உன் பக்கத்துலயே இருக்காரு?"

"யாரும் இல்லம்மா பக்கத்துல."

பக்கத்தில் யாரோ இருமினார்கள். ஆம்பிளை இருமல்.

முந்தாநாள் ஒருத்தர். இன்று அவரு சொன்னாரு. ஒரு படி இறங்கியிருக்கிறது. இருமலுக்குச் சுக்குக் காபி நல்லது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால், சொல்லாமலே பாதி தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. பூனை மாதிரி அறைக்குள் வருகிறார், ஸ்கிரீனைப் பார்க்கிறார், போகிறார். பொண்ணு வேறு எவனையாவது சொன்னால் என்ன செய்வார்? தெரியவில்லை. கத்தினால் சமாளிப்பேன். எழுந்து போய்விட்டால்தான் கஷ்டம். போன வருஷம் எழுந்துதான் போனார். என் கணக்குப்படி, போகமாட்டார். ஸ்டூல் காலைச் சரி பண்ணியாச்சு.

ஜனவரி 10, சனி

வந்துவிட்டது. வந்துவிட்டது.

கீர்த்தனா லீவு நாளில் குளிக்காமல் கூட வந்தாள். பழைய கர்னல், பழைய டிரைவர், இரண்டையும் உட்கார வைத்தாள். துவக்கினோம். கறுப்பு. இன்னும் கறுப்பு. கீர்த்தனா "கை விட்டுச்சு ஆன்ட்டி" என்று சொல்லி முடிக்கவில்லை, என் பழைய படம், ரோஜா, பளிச்சென்று. எழுத்தெல்லாம் சின்னதாய், அடக்கமாய். லாரி ஓடியது. இண்டிகேட்டர் கண் சிமிட்டியது.

கடைசியாக ஒரு பூட்டு. இனிமேல் 'புதுப்பிக்கவா' என்று கேட்டால் மற்றதையெல்லாம் புதுப்பிக்கும், இந்த இரண்டை மட்டும் தொடாது.

"எவ்வளவு நாள் ஓடும்?"

"கொஞ்ச நாள் நல்லாவே ஓடும் ஆன்ட்டி. அப்புறம் ஒரு நாள் கார்டு மாத்தித்தான் ஆகணும்."

அந்த ஒரு நாளை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்குத் தூக்கு நிறைய அவரைக் குழம்பு.

தீ.க்கு போன். கத்தினாள் சந்தோஷத்தில். "அவன் அப்பவே சொன்னாம்மா, வந்துடும்னு."

நிறுத்தினாள்.

அவன். புதன் ஒருத்தர், வெள்ளி அவரு, சனி அவன். இந்த வேகத்தில் போனால் செவ்வாய்க்கிழமை 'டேய்'.

"யாரு சொன்னான்?"

"நாளைக்கும்மா."

"சரிடி. டீசல் போட்டு வைக்கிறேன்."

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் வெயில். தோசை. பெண்கள் பாதிப் பேர் சங்கராந்திக்கு ஊர் கிளம்பிவிட்டார்கள், வேலை பாதி.

சாயங்காலம் உட்கார்ந்தேன். கார்டின் விசிறி கத்துகிறது, கத்தட்டும். இவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார எதற்குச் சலவைச் சட்டை? கேட்கவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

தீ. முன்னால், நான் பின்னால். அவள் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில். இவர் ஆரம்பித்தார்.

"ராங் சைடு."

"அந்த ஊரே அப்படித்தாங்க."

"ஊரே ராங் சைடுல போனா நீயும் போவியா?"

மலை இறங்கியதும் தீ.: "அம்மா, முன்னாடி பங்க் வரும். நின்னுக்கோ. ஒரு நீல லாரி நிக்கும்."

"டீசல் இருக்குடி."

"டீசலுக்கு இல்லம்மா."

நீல லாரி நின்றது. மேலே இங்கிலீஷில் பேர். ஒவ்வொரு எழுத்தாய்ச் சேர்த்தேன். ஓம்கார். இவரும் படித்துவிட்டார், இந்தத் தடவை கண்ணாடியோடு.

"அவன்தாம்மா" என்றாள். குரல் மிகச் சின்னதாக.

ஸ்பீக்கரில் ஆம்பிளைக் குரல், ஒவ்வொரு வார்த்தையாய் எடுத்து வைக்கிற தமிழ். "வணக்கம் அம்மா. வணக்கம் அப்பா."

பின்னால் ஸ்டூல் சத்தமே இல்லை. நான் திரும்பவில்லை. மூன்று லாரியும் நிற்கிறது. யாராவது ஏதாவது சொல்லணும். நான்தான் சொன்னேன்.

"ஏம்பா, என் டிரைவரைத் திரும்ப வச்சது நீதானா?"

"ஆமா அம்மா. பழைய டிரைவர் நல்ல டிரைவர்."

தெரிந்து சொன்னானா தெரியாமல் சொன்னானா. பின்னால் தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

கிளம்பினோம். நீல லாரி முதலில். இண்டிகேட்டர் போட்டான். ரோட்டில் வந்த காரை விட்டான். அப்புறம்தான் ஏறினான். இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் ஜன்னல் கண்ணாடியில் இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் லாரி இடித்தது, அது வேறு கதை. போகப் போக ரோடு குறுகியது. நீல லாரி பதற்றத்தில் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டது. எதிரே பஸ்.

ஸ்டூல் இழுபட்டது. எழுந்து போகிறார் என்றுதான் நினைத்தேன். என் தோளுக்கு மேலே குனிந்து, மைக்கைப் பிடித்து இழுத்து:

"தம்பி, நடுவுல போகாத. ரைட்லயே ஏத்திப் பிடி."

"சரிங்க அப்பா."

தீ. அழுகிறாள் போல, சத்தம் வந்தது. இவர் மைக்கை விடவில்லை. "அப்படித்தான். அப்படியே வா, தம்பி."

ரைட்லயே பிடிக்கணுமாம். எனக்கு மட்டும் ராங் சைடு.

தம்பியாம்.