சுண்ணாம்புக்குளத்து மேட்டில் நிற்கும் வண்டி

பாய்,

எழுத ஆரம்பித்தால் எங்கேயாவது வழி தவறிவிடுவேன். அதனால் சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உங்கள் வண்டியின் முன் இருக்கைக்கு அடியில் அகப்பட்ட புடவைத் துணி.
2. அந்த வண்டியை நாம் வீடாக்கிய விதம்.
3. சுண்ணாம்புக்குளத்தில் ஒவ்வொரு முறையும் நீங்கள் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தியது.
4. உங்கள் மனைவிக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

துணியை இன்று காலை, நான் தங்கச்சி என்று அழைக்கும் உங்கள் மனைவிதான் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார். பச்சைத் துணி, மஞ்சள் கரை, நடுவில் துருக்கறை. பெட்ரோலும் ஏரிச் சேறும் கலந்த அந்த வாசனை எழுந்ததும், நீங்களே உள்ளே வந்துவிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணே இது?"

"துணிம்மா."

"துணினு எனக்குத் தெரியாதா? வண்டிய எடைக்குப் போட்டுடலாம்னு சாமான எடுத்தேன். சீட்டுக்கு அடியில பத்திரமா மடிச்சி வெச்சிருந்தாரு. இது என் பொடவ இல்ல." துணியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீங்க கூடவே சுத்தினவரு. சுண்ணாம்புக்குளத்துல யாரு இருக்காங்க? நல்லதோ கெட்டதோ சொல்லிடுங்க. இனிமே சண்ட போட ஆளா இருக்காரு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிக்கற அளவுக்கு இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன். பழைய இரும்புக் கடையில் அந்த வண்டியை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. ராணுவத்தில் கழித்துவிட்டது, நான்கு சக்கரமும் இழுக்கும், மணலிலும் சேற்றிலும் போகும் என்றார் கடைக்காரர். புதுப் பெயின்ட் அடித்திருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நீங்கள் ஸ்குரூ டிரைவரால் கதவின் அடியைக் குத்தினீர்கள். தகடு அப்பளம்போல் உதிர்ந்தது. சந்தோஷப்பட்டது நீங்கள். "பாத்தியா சாரே, மறைக்காம சொல்லிட்டா. இவள நம்பலாம்."

நீங்கள் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தகடு வெட்டி ஒட்டியதும், பெட்ரோல் குழாயைப் புதிதாக இழுத்ததும் நீங்கள். அளவெடுத்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, ஒவ்வொரு திருகையும் இரண்டாம் முறை முடுக்கிப் பார்த்தது நான். உடைத்த படகின் பலகைகளால் தரை போட்டோம். வெயில் ஏறினால் அதில் இன்றும் மீன் மணக்கிறது. கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் வந்தன. கொசுவுக்காக ஜன்னல்களில் இறால் வலையை இரட்டையாக மடித்து அடித்தீர்கள். "கொசு மாட்டினா கொழம்பு வெக்கலாம்."

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. பிரேக்கைச் சந்தேகித்தேன், டயரைச் சந்தேகித்தேன், என் காதையே சந்தேகித்தேன். ஏரிக்கரை மணலில் நீங்கள் கியரைக் குறைத்து உறுமவிட்டுப் போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டே வருவேன். அந்த மணல் முடிந்து சுண்ணாம்புக்குளத்து மேட்டில் ஏறியதும், பூவரச மரத்துக்குப் பக்கத்தில், வண்டி நின்றுவிடும். எப்போதும் அதே இடத்தில்.

"நின்னு போச்சா பாய்?"

"நிக்கல சாரே, நிறுத்தினேன். ராணுவத்துல இருந்தவ. சொன்னாத்தான் நிப்பா."

எதிரே கன்னியம்மாவின் வீடு. ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் இறால் பிடிக்கிறவர். தனியாக இருப்பவர். என்னை மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் தண்ணீர் கேட்கப் போவீர்கள். எனக்கு டீ வரும். நீங்கள் பானட்டைத் திறந்துவைத்து, முதுகைக் காட்டி நிற்பீர்கள். அவரும் பக்கத்தில் நிற்பார். தாழ்ந்த குரலில் பேச்சு. நான் எழுந்து வந்தால் பானட் மூடிவிடும். உங்கள் இடது கை இருக்கைக்கு அடியில் போய்வருவதையும் கவனித்திருக்கிறேன். பெட்ரோலை அடைத்து வண்டியை நிறுத்தும் திருகு அங்கேதான் இருக்கிறது.

நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் "நான்தான் நிறுத்தினேன்" என்று வீட்டிலும் பீற்றிக்கொண்டீர்கள். அதன் பிறகு தங்கச்சி ஒருமுறைகூட அந்த வண்டியில் ஏறவில்லை.

இதுவரை எழுதியது நேற்று. மீதியை இன்று எழுதுகிறேன்.

காலையில் தங்கச்சி வந்து, "சொல்ல வாணாம், கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் ஓட்டினேன் பாய். உங்கள் இடத்தில் உட்கார்ந்து, ஏரிக்கரை மணலில், குறைந்த கியரில். அவர் துணியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் வந்தார். மேட்டில் ஏறினோம். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு, பூவரச மரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

தங்கச்சி என்னைப் பார்த்தார். "நீங்களுமா அண்ணே?"

இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. எதையும் தொடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கன்னியம்மா குடத்தோடு வந்துகொண்டிருந்தார். "பாய் வண்டியா? பாய் எங்க?"

"மவுத்தாயிட்டாரு" என்றார் தங்கச்சி.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வண்டிக்குத் தண்ணி எடுத்தாந்தேன். துணி எங்க?" தங்கச்சியின் மடியைப் பார்த்தார். "அட, இதான். என் பழைய பொடவ. அவரு துண்டு பத்தலனு நான்தான் கிழிச்சிக் குடுத்தேன்."

"துணி எதுக்கு?" என்று கேட்டேன்.

"இன்னா சாரு, கூடவே வந்துட்டு கேக்கறீங்க? மணல்ல ஏறி வந்தா இது கொதிச்சி நின்னுடும். நனைச்சி அந்தக் கொழா மேல சுத்துவாரு. ஆறினா கெளம்பிடும்."

பானட்டைத் திறந்தேன். நீங்கள் இழுத்த பெட்ரோல் குழாய், புகைக்குழாயை உரசினாற்போல் போகிறது. படகில் எஞ்சினை ஏரியே குளிரவைத்துவிடும். அந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டீர்கள். மணலில் சூடேறியதும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, எஞ்சினுக்குப் போய்ச் சேருவதில்லை. வாழ்நாள் முழுதும் வெப்பத்தைப் பாடமாக நடத்தினேன். அங்கே உட்கார்ந்து டீ குடித்தபோது அது எனக்குத் தோன்றவில்லை, வேறொன்றுதான் தோன்றியது.

"தானே நிறுத்தினதா என்கிட்ட சொல்வாரே" என்றேன். உங்கள் தொழில் கர்வம் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுனு தலையில அடிச்சி சொல்லிவெச்சாரு. 'சாரு ரொம்ப பயந்தவரும்மா. வண்டி தானா நிக்குதுனு தெரிஞ்சா அப்புறம் ஏறவே மாட்டாரு. அந்தக் கொழாய மாத்தினாக்கூட ஏன்னு நோண்டி நோண்டிக் கேப்பாரு. எனக்கும் வேற யாரு வரப்போறா'னு."

தங்கச்சி முதலில் சிரித்தார். "இவரு பயப்படக் கூடாதுனு என்கிட்ட கெட்டவனா இருந்திருக்காரே!" பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள்ளிருந்தே சொன்னார்: "என்கிட்ட சொல்லியிருந்தா உங்ககிட்ட சொல்லியிருப்பேன் அண்ணே. அது அவருக்குத் தெரியும். எனக்கு வயித்துல எதுவும் நிக்காது."

துணியைக் குடத்தில் முக்கி, பிழிந்து, குழாயின்மேல் தங்கச்சியேதான் சுற்றினார். ஆவி எழுந்தது. மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தோம். வண்டி கிளம்பியது.

எடைக்குப் போடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. அந்தக் குழாயை இடம் மாற்ற என்னாலும் முடியும் என்று சொன்னேன். "வாணாம். நிக்கட்டும். எறங்கி அந்த அம்மாவ பாத்துட்டு வரலாம்" என்கிறார் தங்கச்சி. ஆகவே துணியை நனைத்து ஒரு டப்பாவில் போட்டு, இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த இடத்துக்குக் கை தானாகப் போகிறது. பயம் அப்படியேதான் இருக்கிறது. அதையும் ஏற்றிக்கொண்டுதான் இனி ஓட்டுவேன்.

மேலே உள்ள மூன்றாவது குறிப்பை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அது தவறு, பாய். நீங்கள் நிறுத்தவில்லை. வண்டிதான் நின்றது.